வில்லன் யார்? டைனோசரா, தாத்தாவா?

'ஜுராசிக் பார்க்' படத்தில் வில்லன் யார் என்று கேட்டால், "டைனோசர்!" என்று உடனே கத்துவீர்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள், "பணத்துக்காக டைனோசர் கருக்களைத் திருட, மின்வேலியை நிறுத்தினாரே கம்ப்யூட்டர்காரர் நெட்ரி, அவர்தான்" என்பீர்கள். என் கருத்து வேறு. அந்தப் பூங்காவை உருவாக்கிய ஹாமண்ட் தாத்தாவைத்தான் நான் முதலில் கேள்வி கேட்பேன்.

1993-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படம் இது. மரப்பிசினில் சிக்கி உறைந்த கொசுவிலிருந்து டைனோசர் ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ.வில் விடுபட்ட இடங்களைத் தவளை டி.என்.ஏ.வால் நிரப்பி, டைனோசர்களை உருவாக்குவதாகக் கதை.

டைனோசர் என்ன தப்பு செய்தது? பசித்தது, வேட்டையாடியது. அது அதன் குணம். நெட்ரி திருடர்தான், சந்தேகமே இல்லை. ஆனால், ஒரே ஒருவர் நினைத்தால் தீவு முழுவதும் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் என்றால், பூங்காவை அப்படி அமைத்தது யார்?

ஹாமண்ட் கெட்டவர் இல்லை. வெள்ளைத் தாடி, சிரித்த முகம். பேரப்பிள்ளைகள் என்றால் உயிர். அந்த வேடத்தில் நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. 1982-ல் வந்த 'காந்தி' படத்தை இயக்கி ஆஸ்கர் விருது வாங்கினாரே, அவரேதான்! மைக்கேல் கிரைட்டன் 1990-ல் எழுதிய மூல நாவலில் ஹாமண்ட் பேராசைக்காரர். படத்தில்தான் அன்பான தாத்தாவாக மாற்றினார்கள். இது நல்ல மாற்றம் என்பேன். கெட்டவர் தப்பு செய்தால் எளிதில் கண்டுபிடித்து விடுவோம். நல்லவர் ஆசை ஆசையாகச் செய்யும் தப்பை யார் தட்டிக் கேட்பது?

ஒருவர் கேட்கிறார். ஜெஃப் கோல்ட்ப்ளம் நடித்த கணித நிபுணர் மால்கம். 'செய்ய முடியுமா' என்று பார்த்தவர்கள், 'செய்யலாமா' என்று ஏன் யோசிக்கவில்லை என்பதே அவர் வாதம். தாத்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை. விளைவு? அவருடைய சொந்தப் பேத்தி லெக்ஸும் பேரன் டிம்மும் டைனோசர்களுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறார்கள். குழந்தைகள் என்றாலே ஒதுங்கிப் போகும் விஞ்ஞானி கிராண்ட்தான் அவர்களைக் காக்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர் சாம் நீல். கம்ப்யூட்டரை இயக்கிக் கதவுகளைப் பூட்ட வைப்பவளோ சிறுமி லெக்ஸ்!

பூங்கா வேண்டாம் என்று ஹாமண்ட் கடைசியில் ஒப்புக்கொள்கிறார். ஆனால், அதற்குள் சில உயிர்கள் போய்விட்டன.

குழந்தைகளே, உங்களிடம் அன்பாக இருக்கும் பெரியவர்களிடமும், "இது சரியா?" என்று நீங்கள் கேட்கலாம். பணிவாகக் கேளுங்கள், ஆனால், கேட்காமல் இருந்து விடாதீர்கள்!