மூட்டையிலே விலை, ஆற்றிலே வினை!

சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் சிமெண்டு பிறக்கிறது. கூடவே கரியமில வாயுவும் கிளம்புகிறது. உலகம் வெளியிடும் அவ்வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு சிமெண்டுத் தொழிலின் கணக்கு.

அந்தச் சுமையைக் குறைக்கும் பொருள் எங்கே? அனல்மின் நிலையத்துச் சாம்பலிலே! சிமெண்டில் நீர் சேர்கையில் வெளிப்படும் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு அது பாறையென இறுகும். நூற்றுக்கு 35 பங்குவரை கலக்க இந்தியத் தர விதியே இடந்தருகிறது. மெல்ல இறுகும் என்பர். மெல்ல இறுகினும் உறுதி குன்றுவதில்லை. எரிமலைச் சாம்பல் கலந்து ரோமானியர் எழுப்பிய துறைமுகச் சுவர்கள் 2000 ஆண்டுகளாக அலையைத் தாங்கி நிற்கின்றனவே!

ஆனால், எண்ணூரிலே நடந்தது என்ன? குழாய்களில் கசிந்த சாம்பற்குழம்பு கொசஸ்தலையாற்றை மேடாக்கிற்று. மீன் துள்ளிய இடத்தில் சேறு, வலை வீசிய கை வெறுங்கை! மூட்டைக்குள் போன சாம்பலுக்கு விலை உண்டு. ஆற்றுக்குள் போன சாம்பலுக்கு உடையவர் இல்லை!

சட்டம் இல்லையா? 1999-லேயே மத்திய அரசு ஆணையிட்டது. ஆணை ஏட்டிலே, சாம்பல் ஆற்றிலே!

நீரில் கரைத்து அனுப்பாதே; உலர்ந்த சாம்பலாகவே பிடித்துச் சிமெண்டுக்குக் கொடு! படிந்ததை அள்ளும் செலவு நிலையத்தின் தலையில், மீனவன் தலையில் அல்ல! இதுவே நம் கோரிக்கை. ஊர்தோறும் முழங்குவோம்!