லைஃப் ஜாக்கெட் சரி, படகின் பின்பக்கத்தை யார் பார்ப்பது?

தவளக்குப்பத்துக்காரர்களுக்குச் சுண்ணாம்பாறு பக்கத்து வீடு மாதிரி. கடலூர் சாலையில் நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் படகுக் குழாம் கண்ணில் படும். விடுமுறை நாளில் பாரடைஸ் பீச்சுக்குப் போக வெளியூர்க் கூட்டம் வரிசையில் நிற்கும். ஊரிலிருந்து வருகிற பேரப்பிள்ளைகள் கேட்பதும் ஸ்பீடு போட்தான். போகாதே என்று நான் சொல்வதில்லை. "ஏறும்போது பின்பக்கம் போகாதே, ஓட்டுகிறவர் கையைப் பார்" என்பேன். "தாத்தா ஆரம்பிச்சிட்டாரு" என்பார்கள். ஆரம்பித்ததை இங்கே முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

2024 டிசம்பர் 18 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன 'நீல் கமல்' என்ற பயணிகள் படகின் மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப் படகு ஒன்று கட்டுப்பாடு இழந்து மோதியது. 15 உயிர்கள் போயின. அதன் பிறகு எல்லோரும் பேசியது லைஃப் ஜாக்கெட் பற்றித்தான். பேச வேண்டியதுதான், மூழ்குகிறவனுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை. ஆனால் விரைவுப் படகில் மூழ்குவது மட்டுமா ஆபத்து? தண்ணீருக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் சுற்றுகிற ஒன்று இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் போட்டவன் மேலே மிதப்பான், அதுவே அவனை அந்தச் சுழலும் இரும்பிலிருந்து அடியில் முங்கித் தப்ப விடாமலும் வைத்திருக்கும். இதை யாரும் சொல்வதில்லை.

புரொப்பல்லர் என்று நீங்கள் சொல்வது பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு எலிஸ். 1832இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஃப்ரெடெரிக் சோவாழ் என்பவர் பூலோன் ஊர்க்காரர். பெயரும் பணமும் பிறருக்குப் போக, அவர் 1857இல் பாரிசில் ஒரு மனநல விடுதியில் செத்தார். கண்டுபிடித்தவர்களுக்கு எல்லா நாட்டிலும் இதுதான் மரியாதை போலிருக்கிறது. அது கிடக்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். மூன்று இதழ் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 3,200 சுற்று சுற்றினால், ஒரு வினாடிக்கு 160 வெட்டு. கை தவறி விழுந்தவர் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு கூண்டு போட்டால் என்ன என்று எவருக்கும் தோன்றும். வீட்டு மேஜை விசிறிக்கே கம்பிக் கூண்டு இருக்கிறதே. எஞ்சின்காரர்கள் பதில் சொல்கிறார்கள்: வேகம் கூடக்கூட அந்தக் கூண்டே தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், எண்ணெய்ச் செலவு ஏறும், படகு திருப்பத்தில் சொன்னபடி கேட்காது, வேகமாகப் போகும்போது கூண்டு தலையில் பட்டாலும் மண்டை உடையும். இதில் பொய் எதுவும் இல்லை. மேல்நாட்டுப் பந்தயப் படகுகளில் விசிறியின் பாதி தண்ணீருக்கு மேலேயே சுற்றுகிற அமைப்புகூட உண்டு, அவ்வளவு கணக்குப் பார்த்து வேகத்தைக் கறக்கிறார்கள். ஆனால் அதே தொழிலில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. மெதுவாக இழுக்கிற இழுவைக் கப்பல்களில் விசிறியைச் சுற்றி வளையம் போடுவார்கள், அங்கே அது இழுவிசையைக் கூட்டித் தருகிறது. ஆகவே கூண்டு கெடுக்கும் என்ற வாதம் வேகத்தோடு சேர்ந்த வாதம். நடுக்கடலில் பறக்கிறவன் சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். படகுத் துறையிலிருந்து மணல் திட்டு வரைக்கும், ஆழமில்லாத கழிமுகத்தில், குழந்தை குட்டிகளோடு போகிற சவாரிக்கு அந்தப் பறத்தல் எதற்கு?

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1995இல் படகிலிருந்து தவறி விழுந்த ஒரு பெண் விசிறி அடித்து இறந்தார். எஞ்சின் செய்த மெர்க்குரி மரைன் மேல் கணவர் வழக்குப் போட்டார். விசிறிக்குக் காப்பு வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை என அரசின் கடலோரக் காவல் படையே 1990இல் முடிவெடுத்துவிட்டது, எனவே வழக்கே செல்லாது என்றது கம்பெனி. 2002இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: கட்டாயமில்லை என்று அரசு சொன்னால், அதைக் கேட்டு யாரும் வழக்குப் போடக்கூடாது என்று பொருள் ஆகாது. வாழ்நாள் முழுக்கக் கோப்பு எழுதிய எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்துப்போனது. "விதியில் இல்லை" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை கோப்புகளை மூடியிருப்பார்கள்!

கூண்டைவிட மலிவானது ஒன்று உண்டு. சிவப்பு நிறச் சுருள் கயிறு. ஒரு முனை எஞ்சினை அணைக்கும் விசையில், மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ காலிலோ. அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கும், எஞ்சின் நிற்கும். பிரெஞ்சில் கூப் சிர்க்குயி. 2013 மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பத்தில் ஆறு பேரும் விரைவுப் படகிலிருந்து வெளியே வீசப்பட்டார்கள். கயிறு யார் உடம்பிலும் மாட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து தண்ணீரில் கிடந்தவர்களையே அடித்தது. தகப்பனும் எட்டு வயது மகளும் போனார்கள். 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமாக ஓடும்போது இந்தக் கயிறோ அதற்கு ஈடான கருவியோ மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். நான் ஓரிடத்தில் பார்த்தேன், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம்: கயிறு அழகாகச் சுற்றி ஸ்டியரிங்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டுகிற மாதிரி.

நம் மீனவர்களைப் பாருங்கள். நல்லவாட்டில் ஃபைபர் படகு கரையேறும்போது நீண்ட தண்டோடு விசிறியை அப்படியே தண்ணீருக்கு வெளியே தூக்கிவிடுவார்கள். வலைக்காகவும் மணலுக்காகவும் வந்த பழக்கம், பக்கத்தில் நீந்துகிற பையனுக்கும் அது காவல்.

வெளியே விசிறியே இல்லாத ஜெட் படகும் உண்டு. நியூசிலாந்தில் ஆழமில்லாத ஆறுகளுக்காக ஹாமில்டன் என்பவர் 1950களில் அதை நன்றாக ஓட வைத்தார். நமக்குப் பொருந்துமே என்று தோன்றும். ஆனால் அது அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தள்ளுவது, ஆற்று மணலும் பாசியும் சேர்ந்து உள்ளே போகும், பராமரிப்புச் செலவு கூடும். புதிதாகப் படகு வாங்கும்போது கேட்டுப் பார்க்கலாம். கயிற்றை மாட்டுவதற்கும், ஆள் ஏறி இறங்கும்போது எஞ்சினை நியூட்ரலில் விடாமல் அணைத்தே வைப்பதற்கும் டெண்டர் எதுவும் தேவையில்லை.

பிரான்சில் கரையிலிருந்து 300 மீட்டர் வரை எந்தப் படகும் 5 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் போகக்கூடாது. மஞ்சள் மிதவைகள் எல்லையைக் காட்டும். பாரடைஸ் பீச்சில் குளிக்கிறவர்களுக்கும் படகுகளுக்கும் நடுவே அப்படி ஒரு வரிசை மிதவை போட வேண்டும் என்பது என் கருத்து. எங்கே கட்டுவது என்று நல்லவாடு, பூரணாங்குப்பம் மீனவர்களைக் கேட்டால் போதும். முகத்துவாரத்து மணல் ஒவ்வொரு மழைக்கும் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.