கணக்கில் வராமல் போன பயணங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தலை எண்ணும் பணி 2027 பிப்ரவரியில் நடக்கும் என்ற அறிவிப்பை வரவேற்க நமக்கு மனம் வரவில்லை. கைப்பேசிச் செயலி, சாதிவாரி விவரம் என்று அதன் புதுமைகளைச் சொல்லி, ஆறு ஆண்டுத் தாமதத்தை மறக்கடிக்கப் பார்க்கிறார்கள். 2021-இல் எடுக்காமல் விட்டதை 2027-இல் எடுத்து ஈடுகட்ட முடியாது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களைப் பொறுத்தவரை, அந்த இழப்பு நிரந்தரமானது.

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே இருக்கும் வேப்பம்பட்டைப் பார்த்தாலே இது விளங்கும். சென்னையில் வாடகை கட்டுப்படியாகாமல் மனை வாங்கி வந்தவர்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் ஆவடித் தொழிற்சாலைகளையும் நம்பி வெளிமாவட்டங்களிலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள் என, வந்தவர்களால் வளர்ந்த ஊர் இது. இவர்கள் எழுப்பிய வீடுகளுக்கும் வந்தவர்களின் உழைப்பு தேவைப்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நுவாகாய் திருநாளையொட்டி ஊரிலேயே முன்பணம் கைமாறிவிடும். புருஷன் மண் குழைக்க, பெண்டாட்டி அச்சில் கல் அறுக்க, பிள்ளைகள் வெயிலில் காயும் பச்சைக் கல்லைப் புரட்டிப் போடுவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மழை தொடங்கும் ஜூன் மாதத்தில் ஊர் திரும்புவார்கள்.

2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு வந்தது. சூளைகளில் இருந்தவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். தொழிற்பேட்டைகளில் கூலி நின்றுபோனவர்கள் கும்மிடிப்பூண்டி சாலையில் ஆந்திர எல்லையை நோக்கி நடந்தார்கள். நம் தலைமுறை கண்ட மிகப் பெரிய இடப்பெயர்வு அது. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் வீடு வீடாகப் போய், கடைசியாக எந்த ஊரில் இருந்தீர்கள், இங்கு வந்து எத்தனை நாளாகிறது, ஏன் வந்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அந்தப் பயணம் அரசு ஆவணத்தில் ஏறியிருக்கும்.

இனி ஏறாது. காரணம் எளிது. பிறந்த ஊரைத் தவிர, கணக்கெடுப்பில் கேட்பது கடைசியாக இருந்த ஊர் ஒன்றை மட்டும்தான். 2020-இல் அம்பத்தூரிலிருந்து பலாங்கீருக்கு நடந்துபோய், 2022-இல் திரும்பி வந்தவரிடம் 2027-இல் கேட்டால், ‘பலாங்கீர், ஐந்து ஆண்டு, வேலைக்காக’ என்று பதிவாகும். ஊரடங்கில் அவர் துரத்தப்பட்டதும் நடந்ததும் அந்த வரியில் இருக்காது. வழியில் இறந்தவருக்கு அந்த ஒரு வரியும் கிடையாது. 2021 கணக்கெடுப்பைக் கைவிட்டவர்கள் ஒரு புள்ளிவிவரத்தைத் தள்ளிவைத்ததாக நினைக்கலாம். அவர்கள் உண்மையில் அழித்தது சாட்சியத்தை.

அரசுகளுக்கு இந்த அலட்சியம் புதிதும் அல்ல. 2011 கணக்கெடுப்பில் 45 கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தவர்களாகப் பதிவானார்கள். அந்த அட்டவணைகள் முழுமையாக வெளிவர 2019 ஆயிற்று. ஒப்பந்தக்காரர்கள் அழைத்துவரும் வெளிமாநிலத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் புகைப்படத்துடன் கூடிய பாஸ்புக் தரவேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால், ஊர் திரும்பும் வழியில் இறந்தவர்களின் எண்ணிக்கையை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, தங்களிடம் அத்தகைய தரவு இல்லை என்று மத்திய அரசு கைவிரிக்க நேர்ந்திருக்காது. செத்தவர்களை எண்ணாதவர்கள், அடுத்து உயிரோடிருப்பவர்களையும் எண்ணாமல் விட்டார்கள்.

கொரோனாவைக் காரணம் காட்டியது முதலாண்டுக்குப் பொருந்தலாம். தேர்தல்கள் நடந்த, திருவிழாக்கள் நடந்த, பள்ளிகள் திறந்த பின்னும் ஆண்டுக்காண்டு தள்ளிப்போட்டதற்கு என்ன காரணம்? உலகப்போர் மூண்டிருந்த 1941-இல், நம்மை அடிமைகளாக வைத்திருந்த அரசே கணக்கெடுப்பைக் கைவிடவில்லை. அதே ஆட்சியில் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் பெயர், வயது, சொந்த ஊர், கப்பல் எல்லாம் பதிவேட்டில் எழுதப்பட்டன. பலருடைய புகைப்படமும் சேர்ந்தது. கூலிகளைக் கட்டுக்குள் வைக்கத்தான் எழுதினார்கள். ஆனாலும் மோக்கா நகரில் மகாத்மா காந்தி நிறுவனம் காத்துவரும் அந்தப் பதிவேடுகளைப் பார்த்துத்தான் இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் பூர்வீகக் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். வெள்ளையன் கூலிக்கு எழுதிவைத்த அளவுகூட, சுதந்திர நாடு தன் குடிமகனுக்கு எழுதிவைக்கவில்லை. வெட்கக்கேடு.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களைவிடச் சிறந்த சாட்சி வேண்டாம். 1942-இல் பர்மாவிலிருந்து காடு மலை கடந்து நடந்தவர்களில் எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள்தான் இருக்கின்றன. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது; அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. வியாசர்பாடியில் குடியேறிய பர்மாக்காரர்களின் வீடுகளிலும் முதல் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் நினைவில் இருப்பது அவர்களோடு போய்விடும்.

2027 பிப்ரவரி சூளைகளில் வேலை மும்முரமாக நடக்கும் காலம். அங்கேயும் கணக்கெடுப்பவர் போயாக வேண்டும். வந்தவர்களின் மொழியில் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் கட்டங்களுக்குள் அடைக்காமல் எழுதவும் காக்கவும் நிலையான ஏற்பாடு வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று யோசிப்பது பொறுப்பில் இருப்பவர்களின் கடமை. ஆனால் முதலில், 2021-ஐக் கைவிட்ட முடிவு தவறு என்று அவர்கள் வாய்திறந்து ஒப்புக்கொள்ளட்டும். அதுவரை அவர்களுடைய எந்தத் தேதியையும் நம்புவதற்கில்லை.