நினைவகம் இருக்கிறது, வீடு எங்கே?

மத்திய அமைச்சர் பதவியை 1951-இல் துறந்த டாக்டர் அம்பேத்கர், தில்லி அலிப்பூர் சாலையில் 26-ஆம் எண் வீட்டில் வாடகைக்குக் குடியேறினார். 'புத்தரும் அவரது தம்மமும்' நூலுக்காக அவர் உழைத்ததும், 1956 டிசம்பர் 6-ஆம் தேதி அவரது உயிர் பிரிந்ததும் அந்த வீட்டில்தான். அந்த வீடு இன்று இல்லை.

தனியாரிடம் இருந்த அந்த மனையை அரசு பெற்று, 2003 டிசம்பரில் பிரதமர் வாஜ்பாய் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அரசமைப்புச் சட்ட நூலின் வடிவில் அங்கு எழுப்பப்பட்ட புதிய நினைவகத்தை 2018 ஏப்ரல் 13-ஆம் தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். அரை நூற்றாண்டுப் புறக்கணிப்புக்கு இது ஓரளவு பரிகாரமே. ஆனால், இழந்தது இழந்ததுதான்.

வாடகை வீடு என்பதால் காக்க இயலவில்லை என்று கூறுவது பொருந்தாது. காந்தியடிகள் கொல்லப்பட்ட பிர்லா மாளிகையும் அவருக்குச் சொந்தமானதன்று. அரசு அதை 1971-இல் கையகப்படுத்தி, 1973-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி மாளிகை 1964-லேயே அருங்காட்சியகமாயிற்று. அதே தலைநகரில் அம்பேத்கரின் வீட்டுக்கு மட்டும் அந்த அக்கறை காட்டப்படவில்லை.

இழப்பு செங்கல், சுண்ணாம்போடு முடியவில்லை. 1967-இல் வீட்டைக் காலி செய்யும் நடவடிக்கையின்போது அவரது காகிதங்கள் வெளியே வீசப்பட்டு, பல மழையில் நனைந்து பாழாயின என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். அவரது எழுத்துகளை மகாராஷ்டிர அரசு தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியதோ 1979-இல்தான்.

இதிலிருந்து நாம் பாடம் கற்றோமா என்பது ஐயமே. புணேயில் ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் தம்பதி 1848-இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய பிடே வாடா, நீண்ட வழக்குக்குப் பின் 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது. நினைவகம் எழுப்புவதற்காகவே அது இடிக்கப்பட்டது என்பதுதான் வேதனை. மூலக் கட்டடத்தை அகற்றிவிட்டு அதன் நினைவைப் போற்றுவது விந்தையான மரபு.

சட்டமும் கைகொடுப்பதில்லை. 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி, ஒரு கட்டடம் மத்திய அரசின் பாதுகாப்பைப் பெற அதற்குக் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும். கடந்த நூற்றாண்டின் சீர்திருத்தவாதிகள் வாழ்ந்த பல வீடுகள் அந்த வயதை எட்டும் முன்பே அடுக்குமாடிகளாகிவிடும். சமூக வரலாற்று முக்கியத்துவம் உள்ள வீடுகளுக்கு இந்த வரம்பைத் தளர்த்த நாடாளுமன்றம் முன்வர வேண்டும்.

எல்லா வீடுகளையும் காப்பாற்ற இயலாது. ஆனால், எல்லாவற்றையும் ஆவணப்படுத்த இயலும். அளவு வரைபடம், ஒளிப்படம், பொருள்களின் பட்டியல், அங்கு பழகியவர்களின் வாய்மொழிச் சான்று ஆகியவற்றைச் சேகரிக்கப் பெரும் நிதி தேவையில்லை. கட்டடக்கலைக் கல்லூரிகளையும் வரலாற்றுத் துறைகளையும் ஈடுபடுத்தினாலே போதும். இப்பதிவு முடியாமல் எந்தக் கட்டடத்தையும் இடிக்க அனுமதிக்கக் கூடாது.

சிலைகளை எப்போது வேண்டுமானாலும் வார்க்கலாம். அம்பேத்கர் எழுதிய அறையின் சன்னல் எத்திசை நோக்கியிருந்தது என்பதை அலிப்பூர் சாலையில் இனி எவரும் அளந்து பார்க்க முடியாது.