இறக்கத்தை நம்பாதே!



"ஓசூர்லேருந்து கிருஷ்ணகிரிக்கு சைக்கிளா? பஸ்லே ஏறினா ஒரு தூக்கம், வந்துடும்!" என்பது நம்மில் ஒரு கட்சி. "அம்பது கிலோமீட்டர்தானேடா, ஜுஜுபி!" என்று மறுநாளே கிளம்பத் துடிப்பது இன்னொரு கட்சி. சிப்காட் ஷிப்டுக்குத் தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் உள்ள ஊர் இது. ஆனாலும் முதல் நெடும்பயணம் என்று வந்தால் இரண்டு கட்சியுமே தப்பு என்பேன். வீராப்புக்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியோ 500 மீட்டர் சொச்சம். போகும்போது சூளகிரி, மேலுமலை என்று சாலை மொத்தத்தில் இறங்கிக்கொண்டே போகும். சக்கரம் தானாகச் சுற்றும், "நம்மால முடியாதது என்னடா இருக்கு?" என்று தோன்றும். திரும்பும்போதுதான் அதே சாலை வட்டியோடு வசூலிக்கும்!

ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 80 கிலோ. ஏற்றம் 350 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 80 × 9.8 × 350 = 2,74,400 ஜூல். நம் உடம்பு என்கிற இயந்திரத்தின் திறனோ கால் பங்குதான். ஆகவே சாப்பாட்டிலிருந்து நான்கு மடங்கு சக்தி வேண்டும். இது ஏற்றத்துக்கு மட்டும். காற்றும் டயர் உராய்வும் தனி. அதுவும் களைத்த காலோடு, உச்சி வெயிலில்!

எனவே என் யோசனை இது. ஓசூர் நண்பர்கள் முதல் தடவை சூளகிரி வரை போய்த் திரும்புங்கள். அதுவே போக வர சுமார் 50 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு யோகம்: தெம்பு இருக்கும்போதே ஏறலாம், களைத்த பிறகு இறங்கலாம். ஆனால் மேலுமலை இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் யோகம் போய்விடும்!

மனசையும் தயார் செய்ய வேண்டும். "பத்து மணி அடிச்சா எங்கே இருந்தாலும் திரும்புவேன்" என்று புறப்படும் முன்பே முடிவெடுங்கள். வழியில் முடிவெடுத்தால் ரோஷம்தான் ஜெயிக்கும். 1923ல் மும்பையிலிருந்து ஆறு இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். 1928ல் சுற்றி முடித்தவர்கள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா மூவரே. வழியில் விலகிய மற்ற மூவரைக் கோழைகள் என்போமா?

வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்த வழி, எத்தனை மணிக்கு எங்கே என்று அம்மாவிடம் எழுதிக் கொடுங்கள். அங்கங்கே நின்று போன் செய்யுங்கள். அவர்கள் பயம் பாதியாகும், உங்கள் படபடப்பும்தான். "பொண்ணுக்கெல்லாம் எதுக்கு இது?" என்பவர்களுக்கு ஒரு பதில்: 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள்.

மற்றதெல்லாம் நம் ஒர்க்‌ஷாப் சமாச்சாரம். மூன்று ஞாயிறுகளில் 10, 20, 30 கிலோமீட்டர் ஓட்டிப் பழகுங்கள். பெடல் கீழே இருக்கையில் குதிகால் வைத்தால் கால் நேராக நீளும்படி சீட்டை உயர்த்துங்கள். செயினுக்கு எண்ணெய், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், பையில் பம்பு, சொல்யூஷன், உப்புத்தாள், டயர் லீவர். தண்ணீர், உப்பு போட்ட மோர், கடலை மிட்டாய். விடிந்ததும் புறப்பட்டு, இருட்டும் முன் வீடு. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை லாரிகளின் ராஜபாட்டை. சர்வீஸ் ரோடு உள்ள இடத்தில் அதிலேயே போங்கள். ஒரு தடவையாவது பஞ்சரை நீங்களே ஒட்டிப் பாருங்கள். டிப்ளமோ படிக்கிறவன் பஞ்சர் ஒட்டத் தெரியாம ரோட்டோரம் நிக்கலாமா?

நாளை வேலை, குடும்பம் என்று எத்தனையோ ஏற்றங்கள் வரப்போகின்றன. திரும்பி வரத் தெம்பு மிச்சம் வைத்துப் புறப்படும் பழக்கத்தை ஒரு சைக்கிள் கற்றுக்கொடுக்கும் என்றால், அதைவிட மலிவான வாத்தியார் யார் நண்பர்களே?