பாவம், பாதிரியார்!

நண்பர் ஒருவர் அமெரிக்காவில், உட்டா மாநிலத்தில், சில ஆண்டுகளாகக் கணினிப் பணியில் இருக்கிறார். சொந்த ஊர் கோம்பை. விடுமுறைக்கு வந்தவர் எங்கள் வாசகர் கூட்டத்துக்கும் வந்திருந்தார். உத்தமபாளையத்தில் மாதந்தோறும் இலக்கியக் கூட்டம் நடத்துகிறோம் என்று வெளியூரில் கொஞ்சம் மிடுக்காகவே சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது ஆறேழு பேர், ஒரு வீட்டு மொட்டை மாடி, இரண்டு சுற்றுத் தேநீர், அவ்வளவுதான். அன்று ஒரு நாவலைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. நாவலை யாரும் தொடவில்லை. மார்மன் ஊழியர்களைப் பற்றிப் பேசிப் பேசியே இருட்டிவிட்டது.

மார்மன் சபையின் இளைஞர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் இரண்டாண்டுகள் ஊழியத்துக்குச் செல்வது வழக்கம். எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை என்று இருவர் இருவராக வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டும். செலவு பெரும்பாலும் சொந்தக் குடும்பத்துடையது. இரண்டாண்டுக் காலமும் துணைவனை விட்டுத் தனியே திரியக் கூடாது. நண்பரின் அலுவலகத்தில் இப்படிப் போய் வந்தவர்கள் பலர் உண்டாம். மதிய உணவு மேசையில் அவர்களுடைய நினைவுகள் தொடங்கிவிட்டால் கணினிகள் அனாதையாகிவிடும். ஒருவரை ஒரு தெரு முழுதும் நாய் துரத்தியிருக்கிறது. இன்னொருவர் பிரசங்கத்தில் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்து ஊரின் கிழவிகளையெல்லாம் வெட்கப்பட வைத்திருக்கிறார். "ரெண்டு வருஷத்துல நான் முழுசாப் படிச்சது ஒரே ஒரு விஷயம்தான், என் துணைவனோட குறட்டை" என்பாராம் மூன்றாமவர். எத்தனை பேரை மனம் மாற்றினோம் என்று ஒருவரும் சொல்வதில்லை, எத்தனை முறை அசடு வழிந்தோம் என்பதைத்தான் சொல்கிறார்கள் என்றார் நண்பர்.

இந்தக் கடைசி வரிதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. தமிழில் பாதிரிமார்களைப் பற்றி எழுதியதும் பேசியதும் கொஞ்சமா? ஆனால் அவர்கள் அசடு வழிந்ததை நாம் எங்கே எழுதிவைத்திருக்கிறோம்? நம் புத்தகங்களில் அவர்கள் ஒன்று மொழித்தொண்டு புரிந்த சான்றோர்கள், அல்லது காலனியத்தின் கைக்கூலிகள். முதல் வகையினர் பிறக்கும்போதே தாடியுடனும் அங்கியுடனும் பிறந்தவர்கள். இரண்டாம் வகையினர் தூக்கத்திலும் சதித்திட்டம் தீட்டுகிறவர்கள். வேர்க்குரு வந்தவர், மொழி வராமல் விழித்தவர், ஊருக்குக் கடிதம் எழுதும்போது தன்னைத்தானே கேலி செய்துகொண்டவர் என்று ஒருவரைக்கூட நமக்குப் பழக்கமில்லை.

மார்மன்களே சென்னைக்கு வந்திருக்கிறார்கள், அதுவும் 1853இல். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த மாநாட்டில் உலகின் பல திசைகளுக்கும் ஊழியர்களைப் பெயர் சொல்லி அனுப்பினார்கள். சென்னைக்கு வந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பாலன்டைன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அந்த மாநாட்டில்தான் பலதார மணம் தங்கள் கொள்கை என்பதையும் அச்சபை வெளிப்படையாக அறிவித்தது (1890இல் கைவிட்டது). இவர்கள் கப்பலில் வரும்போது அந்தச் செய்தியும் கூடவே கப்பலேறியது. நம் ஜமீன்தார்களுக்கு அது செய்தியே அல்ல. அதிர்ச்சியடைந்தவர்கள் சென்னையின் வெள்ளைக்காரர்கள். இவர்கள் போதிக்கச் சென்றதோ பெரும்பாலும் அந்த வெள்ளைக்காரர்களிடமும் ஆங்கிலம் அறிந்தவர்களிடமும்தான்.

பணமுடிப்பு எடுத்துச் செல்லாமல், கேட்போர் தரும் உணவையும் இடத்தையும் நம்பிப் போவது அக்கால மார்மன் ஊழியரின் நெறி. திண்ணையும் பிச்சைப்பாத்திரமும் அறிந்த நம் நாட்டில் அப்படி வந்தவருக்கு ஒரு கவளம் சோறாவது கிடைத்திருக்கும், காலில் விழக்கூட ஆள் இருந்திருக்கும். அவர்கள் போய் நின்றது கண்டோன்மென்ட் வாசலில்! பாலன்டைன் சென்னையில் ஒரு மாத இதழும் நடத்திப் பார்த்துவிட்டு 1854இல் கப்பலேறிவிட்டார். ஆட்கள் சேரவில்லை, காசு வரவில்லை, இதழ் நின்றது. சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்கு இவர்மேல் ஒரு தனிப் பாசம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

சரி, பாளையத்துக்கு வருவோம். மதம் பரப்ப வந்தவர்கள் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஊரை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. கீழே வட்டெழுத்து. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் மதுரைப் பக்கத்து மலைகள் பலவற்றில் இருப்பதுபோல் இங்கும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவரும் ஏதோ ஒரு வாசலில் நின்று, ஏதோ ஒரு கிழவியிடம் வசை வாங்கியிருப்பார். பாறை பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

அமெரிக்கர்கள் அப்படி விடவில்லை, எழுதித் தள்ளினார்கள். பாஸ்டனில் தலைமையகம் கொண்ட அமெரிக்க மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. பசுமலை, வத்தலக்குண்டு, பெரியகுளம் என்று பரவியது. வெயில் தாளாமல் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறி, அந்த மலையைக் கோடைவாசத் தலமாக்கியதும் இவர்கள்தாம். (தேன்நிலவுத் தம்பதியர் நன்றி சொல்ல வேண்டிய இடம் இது.) 1861இல் இந்த மிஷனுக்கு வந்து, பெரியகுளத்தில் பணியாற்றியவர்களில் டேவிட் காயிட் ஸ்கடர் என்ற இளைஞர் ஒருவர். ஸ்கடர் என்றதும் வேலூர் மருத்துவமனை நினைவுக்கு வரும். இவர் அந்தக் குடும்பம் அல்லர், பாஸ்டன்காரர். புதிதாக மணமானவர். அந்த டிசம்பரில் மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், இருபத்தேழு வயதில், வைகையைக் கடக்கும்போது வெள்ளத்தில் போய்விட்டார்.

வைகையில்! ஆண்டில் பாதி நாள் மணல் மட்டுமே ஓடும் ஆறு என்று நாமே கேலி செய்வோம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் பெய்தால் அது எப்படி வரும் என்பது கரையில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். அன்று வைகை அணையும் கிடையாது. அது 1959இல் வந்தது.

அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து, 1864இல் தம்பி ஹொரேஸ் ஸ்கடர் ஒரு நூலாக வெளியிட்டார். பின்னாளில் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழின் ஆசிரியரானவர் இவர். அமெரிக்காவின் ஒரு பெரிய இலக்கியப் பத்திரிகையாசிரியரின் தொடக்க கால நூல்களில் ஒன்றில் நம் பெரியகுளம் இருக்கிறது என்பதைக் கேட்டபோது எங்கள் கூட்டத்தில் ஒருவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் குழந்தை? தாயுடன் பாஸ்டனுக்குத் திரும்பி, வைடா டட்டன் ஸ்கடர் என்ற பெயரில் வெல்லெஸ்லி கல்லூரியின் ஆங்கில இலக்கியப் பேராசிரியரானது. ஆக்ஸ்போர்டில் ரஸ்கினின் கடைசிக்கால உரைகளைக் கேட்டது. சோஷலிஸ்ட் ஆனது. 1912இல் லாரன்ஸ் நகர நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மேடையேறிக் கல்லூரி நிர்வாகத்தைச் சங்கடப்படுத்தியது. 1954 வரை வாழ்ந்தது. பிறந்த ஊர் என்று கேட்டால் மதுரை என்றுதானே எழுதியிருப்பார்!

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைத் தந்த பென்னிகுவிக்குக்கு இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு படம் உண்டு, பொங்கல் உண்டு, லோயர் கேம்பில் 2013 முதல் மணிமண்டபமும் உண்டு. அது நியாயம். சோறு போட்டவர். நாங்கள் ஸ்கடருக்கு மண்டபம் கேட்கவில்லை. அவரைப் போன்றவர்களின் கடிதங்களை இலக்கியமாக வாசிக்க வேண்டும், தமிழில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. சபை வரலாற்றுக்கான ஆதாரமாகவும் ஏகாதிபத்தியத்தின் வாக்குமூலமாகவும் மட்டும் அவற்றை வைத்திருப்பது போதாது. வயது இருபத்தைந்தில், தெரியாத மொழியில், நாற்பது டிகிரி வெயிலில் தவித்த ஒருவனுடைய உரைநடை அது.

இதைச் சொன்னவுடன் எதிர்ப்பு வந்தது. ஒரு நண்பர் சொன்னார்: "அவங்க சிரிப்பு யாரைப் பாத்துச் சிரிச்சதுன்னு பாருங்க. நம்மளப் பரிதாபமாக் காட்டித்தானே அங்க காணிக்கை வசூல் பண்ணாங்க?" இதை ஒதுக்கிவிட முடியாது. மிஷன் கடிதங்களில் நம்மவர்கள் பல சமயம் கூட்டமாகத்தான் வருகிறார்கள், பெயரில்லாமல், அழுக்காக, மீட்புக்குக் காத்துக்கொண்டு. எழுதுகிறவர் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தையும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தையும் பிரித்தறிந்துதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே வாசிக்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்வோம்.

இந்தச் சிக்கலின் மூலப்பிரதி வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்கள், அவர்களை மிஞ்சிய குரு. புதிதாக வரும் பாதிரிமார் பேச்சுத்தமிழைப் பழகுவதற்காக அந்த இத்தாலியர் எழுதியது என்பார்கள். 1822இல் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். நம் குருமார்களை நையாண்டி செய்யவே எழுதினார் என்று கோபிப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படி முழுதாகத் தோன்றவில்லை. ஆற்றைக் கடந்தபின் எண்ணிப்பார்த்து, தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஓர் ஆள் குறைகிறதே என்று அழும் அந்தக் கதை இங்கிலாந்தின் கோத்தம் ஊரார் கதையிலும் உண்டு. மேலும், கண்காணாத தேசத்தில், கொஞ்சச் சீடர்களுடன், ஊர் ஊராக அலைந்து, ஒவ்வொரு ஆற்றையும் பயந்து கடந்து, நடப்பது எதுவும் புரியாமல் திரியும் ஒரு குரு என்றால் அது யார்? கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் ஒரு பாதிரியார் அதை எழுதியிருக்க முடியுமா?

ஆனால் எங்களை நிறுத்தியது அந்த விவாதம் அல்ல. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, அவரை ஐயா என்றே அழைப்போம். அதுவரை பேசாமலிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க சிரிக்கிறீங்க. எங்க தாத்தாவ எந்தப் பள்ளிக்கூடத்துலயும் திண்ணையில கூட ஏறவிடல. சிலேட்டக் கையில குடுத்தது மிஷன்தான். எனக்கு அவங்க சிரிப்பு இல்ல." மாடியில் சற்று நேரம் சத்தமில்லை. நாங்கள் எல்லோரும் திண்ணையுள்ள வீடுகளில் பிறந்தவர்கள். அப்போதுதான் அது எங்களுக்கு உறைத்தது.

பேச்சை மாற்ற, கோம்பை நண்பர் ஒரு கேள்வி போட்டார். அந்தக் காலத்தில் தெருமுனையில் ஒரு பாதிரியார் நின்று "பாவம்! பாவம்!" என்று முழங்கினால் நம் கிழவிகள் என்ன சொல்லியிருப்பார்கள்? "ஆமா, பாவந்தான், பிள்ளைக்கு வெயில் தாங்கல, ஒரு செம்பு மோரு குடுங்கடி" என்றல்லவா சொல்லியிருப்பார்கள்? சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் ஐயாவைப் பார்த்தோம்.

அவருக்கு உதடு துடித்தது. பிறகு சொன்னார்: "தாத்தாவோட துரைக்கு ழகரம் வரவே வராது. ஒரு நாள் சாயங்காலம் மேற்க இருட்டிக்கிட்டு வருது. வகுப்பை விட்டு வெளிய ஓடி வந்து கத்தினாராம், 'மலை வருகிறது, மலை வருகிறது, எல்லாரும் வீட்டுக்கு ஓடுங்கள்!' ரெண்டு பக்கமும் மலை நிக்கிற ஊர்ல! தாத்தா சாகுறவரைக்கும் மழை மேகம் பாத்தா இதையேதான் சொல்லிக் காட்டுவாரு." சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரையின் குரலில் இன்னொரு முறை சொல்லிக் காட்டச் சொன்னோம். எழுந்து நின்று, மேகமலைப் பக்கம் கையை நீட்டிச் சொன்னார்.