கோடரியும் கழுமரமும்

மோகனூரில் காவிரிக் கரையருகே நடைபெற்ற கூட்டமொன்றில் கேட்ட பேச்சைத் தோழர்கள் சிலர் வந்து கூறினர். மேனாட்டிலே மதம் வாள்முனையிலே பரவிற்றாம். நம் நாட்டிலோ பக்தியாலும் பாட்டாலும் பரவிற்றாம்! சான்றுக்கு அப்பேச்சாளர் இழுத்து வந்தவன், நார்வே நாட்டு மன்னன் ஓலாவ் ஹரால்ட்சன்.

நல்ல சான்றுதான். 1015இல் மன்னனான ஓலாவ், கிறித்தவத்தை ஏற்க மறுத்தோரை நாடு கடத்தினான், ஊனப்படுத்தினான், கொன்றான் என்று இருநூறு ஆண்டுகட்குப் பின் அவன் வரலாற்றை எழுதிய சுனோரி கூறுகிறார். 1030இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் மடிந்தான். அடுத்த ஆண்டே அவன் புனிதன்! நார்வேயின் அரசுச் சின்னத்துச் சிங்கம் ஏந்தி நிற்பது அவனுடைய கோடரியே.

ஆனால், அந்த அன்பர் மதுரைப் பக்கம் திரும்பிப் பார்க்க மறந்ததேன்?

ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறன் சமணன். அரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையும் சைவர். மன்னனுக்கு வெப்பு நோய் வந்தது. சம்பந்தர் நீறு பூசினார், தணிந்தது. வைகையிலே இட்ட ஏடுகளில் சமணர் ஏடு ஆற்றோடு போயிற்று. சம்பந்தர் ஏடு எதிரேறிற்று. உடனே எண்ணாயிரம் சமணருக்குக் கழுமரம்! சொல்பவன் நானல்லன், பெரியபுராணம் பாடிய சேக்கிழார். சம்பந்தருக்குப் பகை இல்லையாம். எனினும், மடத்துக்குத் தீங்கிழைத்தவர்கள் என்பதால் தடுக்காமல் இருந்தாராம். மோகனூர்க் காவிரியிலே ஓர் ஏட்டை இட்டுப் பாருங்கள் தோழர்களே, எத்திசை செல்கிறதென்று!

ஒரு மன்னனின் காய்ச்சல் தணிந்தது; ஒரு நாட்டின் சமயம் மாறிற்று. குடிமக்களின் கருத்தை யார் கேட்டார்?

"அது கற்பனை" என்பர். இருக்கலாம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ஆண்டு பிந்தியவர். நெடுமாறனுக்குப் பின்னரும் கழுகுமலையில் சமணச் சிற்பங்கள் எழுந்தன. 9ஆம் நூற்றாண்டிலே சித்தன்னவாசல் புதுப்பிக்கப்பட்டது. எண்ணாயிரம் என்ற கணக்கை நானும் நம்பவில்லை. கொலை நடக்கவே இல்லையெனில், மகிழ்ச்சிதான்.

ஆனால் நடக்காத கொலையைப் பெருமையாகப் பாடியதேன்? எதிரிகள் சுமத்திய பழியா இது? அன்று! பக்தர்களே ஆக்கி, பக்தர்களே போற்றியது. திருவிளையாடற்புராணம் ஆண்டவனின் 64 விளையாடல்களிலே 63ஆவதாக வைத்திருப்பது, சமணரைக் கழுவேற்றிய படலம். விளையாட்டாம்! மகேந்திர பல்லவன் சைவனானதும் சமணப் பள்ளியை இடித்து, அக்கல்லைக் கொண்டு திருவதிகையிலே கோயில் எழுப்பினான் என்பதையும் பெரியபுராணம் குறையாகச் சொல்லவில்லை.

ஓலாவின் நாட்டார் 2012இல் தம் அரசமைப்பைத் திருத்தி, அரசு மதம் என்ற ஏற்பாட்டைக் கைவிட்டனர். ஓலாவின் கொடுமையை மறைத்துவிட்டு அல்ல.

அப்பேச்சாளர் மீண்டும் மோகனூர் வருவாராயின், 63ஆம் படலத்தைக் கையோடு கொண்டுவந்து மேடையிலே படிக்கச் சொல்லுங்கள்.